மைனா டீச்சரின் கிளையில் யார் உட்காருவது?

ஒரு காட்டில், ஓடைக்கரை மருத மரத்தடியில், அன்று காலை வந்திருந்தவர்கள் இவர்கள்: முயல் குட்டிகள் மூன்று. புள்ளிமான் கன்றுகள் இரண்டு. முள்ளம்பன்றிக் குட்டிகள் இரண்டு. காட்டுக்கோழிக் குஞ்சுகள் நான்கு. மந்திக் குட்டி ஒன்று. காட்டுப்பன்றிக் குட்டி ஒன்று. கீரிப்பிள்ளை சுருளி. ஆகப் பதினான்கு பேர்.

கோழிக் குஞ்சுகளை மட்டும் இரண்டு தடவை எண்ண வேண்டும், குழந்தைகளே. அவை ஓரிடத்தில் நிற்பதில்லை.

வராதவர் ஒருவர்தான். மரத்தின் தாழ்ந்த கிளை காலியாக இருந்தது. அது மைனா டீச்சர் உட்காரும் கிளை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். கோடை முற்றினால் மலைமேல் தண்ணீர் வற்றிவிடும். அப்போது சிறுத்தை தாகத்தோடும் பசியோடும் ஓடைக்கு இறங்கி வரும். அது வரும் ஓசை யார் காதுக்கும் கேட்காது. ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டுக் கத்துகிறவர்கள் ஏழு பேர் காட்டில் உண்டு. புள்ளிமான், மந்தி, ஆள்காட்டிக் குருவி, தவிட்டுக்குருவி, மயில், கடமான், அணில்.

இந்த ஏழு குரலும் ஏழு செய்தி. ஆள்காட்டி கத்தினால் சிறுத்தை வெட்டவெளியில் நடக்கிறது. புதருக்குள் போய்விட வேண்டும். தவிட்டுக்குருவி கத்தினால் அது புதருக்குள் இருக்கிறது. வெளியே வந்துவிட வேண்டும். குரல் மாறிப் புரிந்துகொண்டால், ஓடுகிற பிள்ளை நேராகச் சிறுத்தையின் வாய்க்குள்ளேயே ஓடும்.

மைனா டீச்சருக்கு எல்லாக் குரலும் எடுக்க வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், மரத்தில் இருப்பது மைனாவா கடமானா என்று கடமானுக்கே சந்தேகம் வரும். அவளிடம் ஒரே ஒரு குறை. "முடியாது" என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது.

அன்று மாலை கீரியம்மாள் தன் மகன் சுருளியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழியில் எங்கோ "டிட்-டிட்-டீ!" என்று ஒரு குரல் கேட்டது.

"இது யார் குரல், சொல் பார்க்கலாம்" என்றாள் கீரியம்மாள்.

"தெரியாதே அம்மா."

"கத்தியது ஆள்காட்டிடா! அதன் முட்டையை மாடு மிதிக்க வந்தது போலிருக்கிறது, அதனால் கத்தியது. சிறுத்தையாக இருந்தால்? டீச்சர் உனக்கு இதைச் சொல்லித்தரவில்லையா?"

"இரண்டு குரல் சொல்லிக்கொடுத்தார்கள் அம்மா. மானும் மந்தியும்."

"கோடையே வந்துவிட்டது, இரண்டுதானா? பிறகு இத்தனை நாளும் என்ன செய்தீர்கள்?"

சுருளி யோசித்தான். "சேற்றில் கால் வைத்தோம். இலையில் கால் வைத்தோம். மயில் மாமாவின் விருந்தாளிகள் வந்தபோது வரிசையாக நின்றோம். மற்ற நேரம் டீச்சருக்காகக் காத்திருந்தோம்."

கீரியம்மாளுக்குக் கோபம் வந்தால் வால் புசுபுசுவென்று விரியும். அன்று விரிந்த வால் மறுநாள் காலைவரை சுருங்கவில்லை.

மறுநாள் அவள் மருத மரத்தடிக்கு வந்து நின்றாள். "என்ன டீச்சரம்மா, நீ பாடம் சொல்லும் லட்சணம் இதுதானா?" என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் கரடி வந்துவிட்டது.

கரடி சோம்பேறி. "மைனா, மைனா, கிழக்கு மலையில் எத்தனை தேனடை இருக்கிறதென்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்து சொல்லம்மா. நான் போய்ப் பார்க்கலாம்தான். வெயிலாக இருக்கிறது."

"சரி அண்ணா" என்றாள் மைனா.

கரடி நகர்வதற்குள் மயில் வந்தது. மயில் தற்பெருமைக்காரன். "டீச்சர், என் ஆட்டத்தைப் பார்க்க மேற்குக் காட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி 'வருக, வருக' என்று சொல்லப் பழக்கு. போன தடவை பன்றிக்குட்டி நடுவில் கொட்டாவி விட்டது."

"சரிங்க" என்றாள் மைனா.

மயில் தோகையைத் திருப்புவதற்குள் நரியார் வந்துவிட்டார். நரியார் காட்டுச் சபையின் அதிகாரி. அவர் போட்டிருந்த உத்தரவு இது: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தேக்கிலை. பதினான்கு பிள்ளைகளும் செம்மண் சேற்றை மிதித்து அந்த இலைமேல் கால் பதிக்க வேண்டும். அதைக் காயவைத்து நரியாரின் குகைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பாடம் நடந்ததாகக் கணக்கு. குகை இரண்டு குன்றுக்கு அப்பால் இருந்தது.

"மந்திப் பாடத்து இலையில் முள்ளம்பன்றியின் பின்னங்கால் சரியாக விழவில்லை" என்றார் நரியார். "திரும்ப எடு. இன்றைக்கே வேண்டும்."

"ஐயா, இன்று ஆள்காட்டிக் குரல் ஆரம்பிக்கலாம் என்று..."

"ஆரம்பியேன். யார் வேண்டாம் என்றது? இலையைக் கொடுத்துவிட்டு ஆரம்பி."

"சரி ஐயா" என்றாள் மைனா.

மூவரும் போனார்கள். கீரியம்மாளின் வால் மெல்லச் சுருங்கியது.

"ஏம்மா, தினமும் இப்படித்தானா?"

"இன்று குறைவு அக்கா" என்றாள் மைனா. "தூக்கத்தில்கூடத் தேனடை எண்ணுகிறேன். ஐந்து குரல் பாக்கி இருக்கிறது. ஓடைத் தண்ணீரோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது."

"முடியாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வரமாட்டேன் என்கிறதே."

"எங்கே, என்னிடம் சொல்லிப் பார். நான்தான் கரடி. மைனா, மைனா, தேனடை எண்ணிக்கொண்டு வா."

மைனா கழுத்தை நீட்டினாள். சிறகைச் சிலிர்த்தாள். "மு... முடி... முடித்துவிட்டு வருகிறேன் அண்ணா!"

கீரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சரி. உனக்கு வராது. எனக்கு வரும். ஆனால் நான் சொல்லப்போவது வேறு."

வாரம் ஒரு முறை காட்டு விலங்குகள் எல்லாம் ஓடை மடுவில் சபையாகக் கூடும். அந்த வாரக் கூட்டத்தில் கீரியம்மாள் எழுந்தாள். எல்லோரும் சண்டை பார்க்கத் தயாரானார்கள். அவளோ தேன் ஒழுகப் பேசினாள்.

"நரியாரே, ஒரு சந்தேகம். டீச்சர் வேலை கடினமான வேலையா?"

நரியார் சிரித்தார். "கடினமா? கிளையில் உட்கார்ந்து கத்துவது ஒரு வேலையா? நான் சபை வேலை பார்க்கிறேனே, அதுவல்லவா வேலை!"

"கத்துவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், இல்லையா?"

"யார் வேண்டுமானாலும்!"

"கரடியண்ணன்கூட?"

"நான் நன்றாகவே கத்துவேன்" என்றது கரடி.

"மயிலண்ணன்கூட?"

"நான் வாயைத் திறந்தால் காடே திரும்பிப் பார்க்கும்" என்றது மயில்.

"அப்பாடா, இப்போதுதான் மனது நிம்மதி" என்றாள் கீரியம்மாள். "நீங்கள் மைனாவுக்குத் தாராளமாக வேலை கொடுங்கள். அவள் அதைச் செய்துவிட்டுத் திரும்பும்வரை, வேலை கொடுத்தவர் அவள் இடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தட்டும். உங்கள் வேலையும் நடக்கும், பாடமும் நிற்காது. கத்துவதுதானே!"

"அதிலென்ன, உட்கார்ந்தால் போயிற்று!" என்றார் நரியார்.

கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. மடுவில் நின்ற காட்டெருமை தலையைத் தூக்கி, "சபைத் தீர்மானம் ஆகிவிட்டது" என்றது.

மறுநாள் முதலில் வந்தது கரடி. மைனா தேனடை எண்ணப் பறந்தாள். கிளை தன்னைத் தாங்காது என்பதால் கரடி மரத்தடியில் உட்கார்ந்தது. பதினான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கரடி மாமா, ஆள்காட்டிக் குருவி எப்படிக் கத்தும்?"

"உர்ர்ர்" என்றது கரடி.

"இது உங்கள் குரல் மாமா."

"எல்லாம் ஒன்றுதான். சத்தம் கேட்டால் அடித்துவிட வேண்டியது."

"நாங்கள் அடித்தால் சிறுத்தைக்கு வலிக்குமா?" என்று சின்ன முயல் கேட்டது.

கரடி அந்த முயலைப் பார்த்தது. அதன் கையைப் பார்த்தது. அதற்குள் கோழிக் குஞ்சுகள் முதுகில் ஏறிப் பேன் பார்க்க ஆரம்பித்தன. பன்றிக்குட்டி காலுக்கடியில் குழி தோண்டியது. மந்திக் குட்டி, "மாமாவின் காதுக்குள் இன்னொரு காது இருக்கிறது!" என்று கத்தியது. எல்லோரும் அதைப் பார்க்க ஓடி வந்தார்கள். ஒருவன் தள்ளிவிட்டான் என்று ஒருவன் அழுதான். தள்ளாதவனும் சேர்ந்து அழுதான்.

மைனா திரும்பி வந்தபோது கரடி எழுந்து நின்றுகொண்டிருந்தது. "இனிமேல் என் தேனடையை நானே எண்ணிக்கொள்கிறேன் அம்மா. தின்பவன் நான்தானே" என்று சொல்லிவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று நடந்தது.

அடுத்து மயில். விருந்தாளிகளை அழைத்து வர மைனாவை அனுப்பிவிட்டுக் கிளையில் ஏறி, தோகையைத் தொங்கவிட்டது.

"மயில் மாமா, சிறுத்தை ஓடைக்கு இறங்குவதைப் பார்த்தால் நீங்கள் கத்துவீர்களே, அதைக் கத்திக் காட்டுங்கள்!"

மயிலின் முகம் வாடியது. "அதுவா? அது... அவ்வளவு இனிமையாக இருக்காது. நான் ஆடிக் காட்டுகிறேனே?"

"ஆட்டம் வேண்டாம் மாமா. நீங்கள் ஆடினால் சிறுத்தை எங்கே இருக்கிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மயில் நெளிந்தது. விருந்தாளிகள் வரும் திசையை ஒரு தடவை பார்த்தது. பதினான்கு முகங்களை ஒரு தடவை பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, தன் கரகரத்த, அழகில்லாத, காட்டையே கிழிக்கும் குரலில் கத்தியது. அந்த நேரம் பார்த்து விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள்.

"இது யார் இப்படிக் கத்துவது?" என்றார்கள் அவர்கள்.

"எங்கள் மயில் மாமா!" என்றார்கள் பிள்ளைகள், பெருமையாக. "இந்தக் குரல் கேட்டால் நாங்கள் ஓடைப் பக்கம் போகமாட்டோம்."

மயில் அன்று ஆடவில்லை. ஆனால் இனி வரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது. பாக்கி ஐந்தில் ஒரு குரல் குறைந்தது.

கடைசியில் நரியார். பழைய இலைகளை அடுக்கித் தரச் சொல்லி மைனாவைக் குகைக்கு அனுப்பிவிட்டு, கிளைமேல் தாவினார். விழுந்தார். மறுபடி தாவினார். மறுபடி விழுந்தார். பிறகு வேர்மேல் உட்கார்ந்தார். எதிரே பிள்ளைகளுக்குப் பின்னால் காட்டுக்கோழித் தாய், முயல்தாய், மான்தாய் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கள் எதற்கு?" என்றார் நரியார்.

"சும்மாதான்" என்றது கோழித் தாய், அவருடைய பல்லைப் பார்த்தபடி.

"பதவியில் இருக்கும்போது நான் யாரையும் தின்பதில்லை!"

"ரொம்ப நல்லது ஐயா. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

நரியார் தவிட்டுக்குருவி மாதிரி கத்திப் பார்த்தார். குஞ்சுகள் சிரித்தன. ஆள்காட்டி மாதிரி கத்திப் பார்த்தார். தாய்களும் சிரித்தார்கள். "பாடம் முடிந்தது" என்று அவர் எழுந்தபோது, கீரியம்மாள் ஒரு தேக்கிலையை நீட்டினாள்.

"நடந்ததற்கு அத்தாட்சி, ஐயா? பதினான்கு காலும் விழ வேண்டும். பின்னங்கால் சரியாக விழ வேண்டும்."

நரியார் சேற்றைக் குழைத்தார். மான் கன்றின் காலை இலையில் வைத்துவிட்டு முயலைப் பிடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பன்றிக்குட்டி இலையைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டாவது இலையில் எட்டுக் கால் விழுந்தது. ஒன்பதாவதாக வந்த முள்ளம்பன்றியின் முள் மூக்கில் குத்தியது. மூன்றாவது இலையில் கோழிக் குஞ்சுகள் ஓடிப் பிடித்து விளையாடின. யார் கால் எது என்று தெரியவில்லை. பொழுது சாயும்போது நரியார் தலைமுதல் வால்வரை செம்மண்ணாக நின்றார். இலை ஒன்றுகூட முடியவில்லை.

"இலை வேண்டாம்" என்றார் அவர், மூக்கைத் தடவிக்கொண்டு. "பிள்ளைக்குக் குரல் தெரிகிறதா என்று பிள்ளையையே கேட்டால் போதாதா? யார் போட்டது இந்த உத்தரவு?"

எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு மைனாவின் கிளை காலியாக இருக்கவில்லை. காலையில் வெயில் ஏறுமுன் உட்காருவாள். நிழல் நீண்ட பிறகுதான் இறங்குவாள். ஆள்காட்டி முடிந்தது. தவிட்டுக்குருவி முடிந்தது. கடமான் முடிந்தது. ஓடைத் தண்ணீர் மடுவரை சுருங்கியிருந்தது. பாக்கி அணில் ஒன்றுதான்.

அணில் குரல்தான் இருப்பதிலேயே கடினம். ஏனென்றால் அணில் நாளெல்லாம் கத்தும். பழம் கிடைத்தாலும் கத்தும், கிடைக்காவிட்டாலும் கத்தும். ஆனால் சிறுத்தை மரக்கிளையில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டால், நிறுத்தாமல், மூச்சு விடாமல், ஒரே தாளத்தில் கத்தும். அந்த வித்தியாசம் காதில் ஏற வேண்டும்.

"இது சும்மா கத்துவது" என்று மைனா கத்திக் காட்டினாள். "இது சிறுத்தைக்குக் கத்துவது. கேட்டால் என்ன செய்ய வேண்டும்?"

"மரத்தில் ஏறுவோம்!" என்றது மந்திக் குட்டி.

"ஐயோ, ஏறினால் அது உனக்காக மேலே காத்திருக்கும். மரத்தடியை விட்டு வெளியே வர வேண்டும். ஓடையின் நடு மணலில் காட்டெருமைகள் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். எங்கே, இன்னொரு தடவை."

அப்போது நரியார் வந்தார்.

"மைனா, பக்கத்துக் காட்டுச் சபையார் வருகிறார்கள். மலையடிவாரம் போய் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வா. தீர்மானம் எனக்கு நினைவிருக்கிறது. பாடத்துக்கு நானே உட்காருகிறேன். இலைகூட வேண்டாம். போதுமா?"

கீரியம்மாள் அங்கே இல்லை. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். மைனா கழுத்தை நீட்டினாள். சிறகைச் சிலிர்த்தாள்.

"முடியாது ஐயா" என்றாள்.

"என்ன சொன்னாய்?"

"முடியாது ஐயா. அணில் குரல் பாக்கி இருக்கிறது. நீங்கள் உட்காரலாம், உங்களுக்கு அது வராது. எனக்கு வரும். எண்ணுவது உங்களுக்கும் வரும்."

சுருளி வாயைப் பிளந்தான். நரியார் முணுமுணுத்துக்கொண்டே போய், ஓடைக்கரையில் அடுத்த மரத்தின் நிழலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மைனா திரும்பி, "எங்கே, இன்னொரு தடவை" என்றாள்.

நிழல் மரத்தின் மறுபக்கம் வந்தபோது அணில் ஒன்று கத்தியது. பிள்ளைகள் மைனாவைப் பார்த்தார்கள். மைனாவின் வாய் மூடியிருந்தது.

சத்தம் நிற்கவில்லை. மூச்சு விடவில்லை. ஒரே தாளம்.

"சும்மா இல்லை!" என்றான் சுருளி.

மான் கன்றுகள் முதலில் கிளம்பின. முயல்கள் பின்னால். கோழிக் குஞ்சுகள் நான்கும் அன்றைக்கு ஒரே கோட்டில் ஓடின. முள்ளம்பன்றிகளும் பன்றிக்குட்டியும் மணலில் உருண்டு விழுந்து எழுந்தன. மந்திக் குட்டி பழக்கத்தில் மரத்தின் மேல் ஒரு கை வைத்துவிட்டது. வைத்த கையை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மரத்தை விட்டுத் தரையில் ஓடியது.

நரியார் பயந்துபோய், உட்கார்ந்திருந்த மரத்தின் தூரோடு ஒட்டிக்கொண்டார்.

"நரியாரே, மரத்தடியில் நிற்காதீர்கள்!" என்று ஓடிக்கொண்டே கத்தினான் சுருளி. "அணில் கத்தினால் வெளியே வர வேண்டும்! வெளியே!"

நரியார் அந்தச் சின்னக் குரலைக் கேட்டார். யோசிக்காமல் வெளியே பாய்ந்தார். அவர் நின்றிருந்த இடத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று தொப்பென்று குதித்தது. அதன் நகத்தில் மாட்டியது வால் நுனி மயிர் கொஞ்சம்.

கரையில் நின்ற மயில் கரகரத்த குரலில் கத்தியது. கூச்சப்படாமல் விடாமல் கத்தியது. நடு மணலில் காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்தி வட்டம் கட்டி நின்றன. பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் போய்விட்டார்கள். காடே தன்னைப் பார்த்துவிட்டது என்று சிறுத்தைக்குத் தெரிந்தது. அது ஒரு தடவை வாலை ஆட்டியது. பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் மலைப்பக்கம் நடந்தது.

தாய்மார் ஓடி வந்தார்கள். கீரியம்மாள் சுருளியைக் கவ்விக்கொண்டாள். மைனா எருமையின் முதுகில் இறங்கி எண்ண வாயெடுத்தாள். மூன்றிலேயே எண்ணிக்கை தவறியது.

"நீ இரு அம்மா" என்றார் நரியார். "எண்ணுவது எனக்கும் வரும்."

அவர் எண்ணினார். முயல் மூன்று. மான் இரண்டு. முள்ளம்பன்றி இரண்டு. மந்தி ஒன்று, பன்றி ஒன்று, கீரி ஒன்று. கோழிக் குஞ்சுகளை இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் நான்கு.

"எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தது" என்றது சின்ன முயல், யாரும் கேட்காமலே.

காலையில் வந்தவர்கள் பதினான்கு. சிறுத்தை கொண்டுபோனது ஒன்றுமில்லை. மீதி பதினான்கு.

நீதி: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரைப் பாடம் சொல்ல விடுங்கள், மற்ற வேலைகளை அவரவர் செய்துகொள்ளுங்கள்.